ஒரு மின்நிலையமும் கட்டாதவர்கள்: புனே பிரயாஸ் என்ன செய்தது?

கேள்வி இது: "சுத்தமான எரிசக்தி, மின்சிக்கனம் என்று பேசும் தொண்டு அமைப்புகள் கருத்தரங்கு நடத்துவதைத் தவிர என்னதான் செய்கின்றன? ஒரு மெகாவாட்கூட உற்பத்தி செய்யாதவர்களால் என்ன மாறிவிடும்? உருப்படியாக ஒரு உதாரணம் காட்ட முடியுமா?"

காட்டலாம். சந்தேகம் நியாயமானதுதான். டிசம்பர் 14ஆம் தேதி எரிசக்தி சேமிப்பு தினம் என்று பள்ளிக்கூடத்தில் ஓவியப்போட்டி வைத்து, தொப்பி கொடுத்து, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கலைகிற அமைப்புகள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. புனேயில் இருக்கும் பிரயாஸ் என்ற அமைப்பின் எரிசக்திக் குழுவைப் பற்றிச் சொல்கிறேன். மின்கட்டண விவகாரங்களில் கொஞ்சம் ஈடுபாடு உள்ள எவருக்கும் இந்தப் பெயர் தெரியும். வெளியே பெரிதாகத் தெரியாது. அவர்கள் செய்கிற வேலை கேமராவில் பிடிக்க முடியாத வேலை: மின்வாரியமும் அரசும் சொல்கிற கணக்கை எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று பொதுவில் சொல்வது.

பிரயாஸ் 1994இல் அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்டது. மருத்துவம், எரிசக்தி என்று வெவ்வேறு குழுக்கள் அதில் உண்டு. எரிசக்திக் குழுவுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் கிரீஷ் சந்த். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 2012இல், இன்னும் நிறையச் செய்திருக்க வேண்டிய வயதில் காலமானார். சாந்தனு தீட்சித், சுபோத் வாக்ளே ஆகியோர் உடன் இருந்தவர்கள். இவர்களுக்கு முன்னோடி என்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்யா ரெட்டியைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் இறுதியில் கர்நாடக அரசு "இத்தனை மெகாவாட் வேண்டும், இத்தனை அனல்மின் நிலையம் வேண்டும்" என்று ஒரு நீண்டகாலத் திட்டம் போட்டது. ரெட்டி கேட்டது வேறு கேள்வி. மக்களுக்கு வேண்டியது யூனிட்டா, அல்லது வெளிச்சமும் தண்ணீரும் ஓடுகிற இயந்திரமுமா? பின்னதுதான் என்றால், அதே வெளிச்சத்தைக் குறைந்த மின்சாரத்தில் தருவதையும் ஒரு மின்நிலையமாகக் கணக்கில் சேர்த்து, எது மலிவோ அதை முதலில் செய்யலாமே? இந்த முறையில் கணக்குப் போட்டால், அரசு கேட்டதைவிட மிகக் குறைந்த செலவில் கர்நாடகத்தின் தேவை நிறைவேறும் என்று அவர் காட்டினார். பிரயாஸ்காரர்கள் அதே முறையை மகாராஷ்டிரத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்துதான் அவர்கள் கதை ஆரம்பிக்கிறது.

அந்த நேரத்தில் மகாராஷ்டிரத்தில் ஒரு பெரும் புயல் வந்தது. என்ரான். ரத்னகிரி மாவட்டத்து தாபோலில் மின்நிலையம் கட்டுவதாக அந்த அமெரிக்க நிறுவனம் 1993 டிசம்பரில் மாநில மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டது. எதிர்த்தவர்கள் நிறையப் பேர்; சுற்றுச்சூழல், நிலம், அந்நிய முதலீடு, ஊழல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். பிரயாஸ் செய்தது என்ன என்றால், ஒப்பந்தத்தின் பிரிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தது. மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாரியம் நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பகுதி டாலர் மதிப்போடு கட்டப்பட்டிருந்தது. இந்த நிலையம் ஓட வேண்டுமென்றால் வாரியத்தின் சொந்த, மலிவான நிலக்கரி நிலையங்களைச் சில நேரம் குறைத்து ஓட்ட வேண்டிவரும். இதையெல்லாம் எண்களாக எழுதி 1995இல் வெளியிட்டார்கள்.

அதே ஆண்டு ஆட்சி மாறி ஒப்பந்தம் ரத்தானது. மறுபேச்சு நடத்தி, இன்னும் பெரிதாக்கி, 2,184 மெகாவாட்டுக்கு மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். 1999இல் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. 2001 மே மாதம், விலை கட்டுப்படியாகவில்லை என்று வாரியம் வாங்குவதையே நிறுத்தியது. அந்த டிசம்பரில் என்ரான் திவால். ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதிய கணக்கு அப்படியே நடந்தது என்று பெருமை பேசலாம்தான். ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஓர் ஒப்பந்தத்தை அரசியல் கூச்சல் இல்லாமல் சாதாரண ஆட்கள் அலசிப் பார்க்க முடியும் என்பது அன்றைக்கு மகாராஷ்டிரத்தில் நிரூபணமானது.

இதில் சுத்தமான எரிசக்தி எங்கே வந்தது என்று கேட்கலாம். வருகிறேன். அதற்கு முன்னால் பம்புசெட் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிலில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

விவசாய பம்புகளுக்கு மீட்டர் கிடையாது, அல்லது பெயருக்கு இருக்கும். மோட்டாரின் ஹெச்.பி.யைப் பார்த்து மொத்தமாக ஒரு தொகை. அப்படியானால் பம்புகள் எத்தனை யூனிட் இழுத்தன என்று யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. வாரியம் தோராயமாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வாரியம் 100 யூனிட் அனுப்பியது, மீட்டர் வழியாக 50 யூனிட்டுக்குப் பில் போட்டது என்று வையுங்கள். மிச்சம் 50 எங்கே போனது? ஒரு பகுதி வயலுக்கு. மற்றது கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் போன இழப்பு, அதோடு கொக்கி போட்டு எடுத்தது, மீட்டரைத் திருகி எடுத்தது, அதிகாரியின் துணையோடு ஆலைக்குள் போனது. வயலுக்கு 32 என்று எழுதினால் இழப்பு 18தான், கௌரவமான எண். வயலுக்கு உண்மையில் 20தான் போயிருந்தால் இழப்பு 30. அதாவது, விவசாயி பெயரில் எழுதப்படுகிற ஒவ்வொரு யூனிட்டும் ஒரு திருட்டை மறைக்க வசதியான இடம். மானியமும் அந்தப் பெயரிலேயே கேட்டு வாங்கலாம்.

பிரயாஸ் 1996 வாக்கிலேயே இதைக் கிளறியது. பம்புகளின் எண்ணிக்கை, சராசரி ஹெச்.பி., அந்தப் பயிருக்கு வேண்டிய தண்ணீர், ஒரு நாளில் கரண்ட் இருக்கிற மணி நேரம் இவற்றை வைத்துப் பெருக்கிப் பார்த்தால், வாரியம் சொல்கிற அளவு மின்சாரத்தை அந்தப் பம்புகளால் இழுக்கவே முடியாது. எழுதினார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1998இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது. 1999இல் மகாராஷ்டிர ஆணையம் அமைந்தது. இப்போது கட்டணம் உயர்த்த வேண்டுமானால் வாரியம் மனுப் போட வேண்டும், கணக்கைக் காட்ட வேண்டும், பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். வாரியம் சுமார் 18 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்த இழப்பு, இந்த விசாரணைகளில் துருவத் துருவ 30 சதவீதத்தைத் தாண்டியது. ஆணையம் கறாராக இருந்ததும் காரணம், பிரயாஸ் மட்டுமே செய்ததில்லை. ஆனால் கேள்வியைத் தயாராக வைத்திருந்தது அவர்கள்.

வெறும் கணக்குத் திருத்தம்தானே என்று தோன்றினால், மின்சிக்கனத்தின் பார்வையில் இதைப் பாருங்கள். 100இல் 30 யூனிட் காணாமல் போகிற வலையமைப்பில் நீங்கள் வீட்டில் எல்.இ.டி. பல்பு போட்டு மிச்சம் பிடிப்பதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் சேமிப்பு அந்த 30க்குள் இருக்கிறது. அது தெரிய வேண்டுமானால் அது 30 என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. விவசாயிதான் மின்சாரத்தை விழுங்குகிறான் என்ற நகரத்துப் பொருமலில் பாதிக்கு அப்போது ஆதாரம் இல்லாமல் போனது.

பிறகு பிரயாஸ் அந்த ஆணையத்திடமே நிரந்தர இடம் பெற்றது. நுகர்வோர் தரப்புப் பிரதிநிதி என்று சில அமைப்புகளை ஆணையம் அங்கீகரித்தது: மும்பை கிராஹக் பஞ்சாயத், தானே பேலாப்பூர் தொழில்துறைச் சங்கம், விதர்பா தொழில்துறைச் சங்கம், பிரயாஸ். தொழிலதிபர்களுக்கு வழக்கறிஞர் வைக்கக் காசு உண்டு. வீட்டு இணைப்புக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் அப்படி இல்லை. கணக்குத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் உட்காருவதன் மதிப்பு, ஒரு முறை கட்டண விசாரணைக்குப் போய் மனுவின் தடிமனைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

சரி, மின்விசிறிக்கு வருவோம். நம் வீட்டில் சுற்றுகிற சாதாரண சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்கிற சிக்கன மோட்டார் போட்டது 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும். 75 வாட் விசிறி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வீதம் 300 நாள் ஓடினால் 270 யூனிட். 30 வாட் விசிறிக்கு 108. ஒரு விசிறியில் வருடத்துக்கு 162 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அப்படியிருந்தும் பல வருடம் யாரும் வாங்கவில்லை, ஏன்? கடையில் விலை கூடுதல். வாடகை வீட்டுக்காரர் வாங்க மாட்டார், வீட்டு உரிமையாளருக்கு பில் தன்னுடையது இல்லை. கம்பெனிக்காரர் விற்காததைத் தயாரிக்க மாட்டார், தயாரிப்பு குறைவாக இருப்பதால் விலை இறங்காது.

இதை உடைக்க பிரயாஸ் 2010ஐ ஒட்டி ஒரு வழி சொன்னது. வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கூப்பன் தருவதை விட்டுவிட்டு, மின்விசிறி கம்பெனிகளிடமே பேசுங்கள். பாதி மின்சாரத்தில் ஓடும் விசிறியை நீங்கள் தயாரித்து விற்கும் ஒவ்வொன்றுக்கும் அரசு இவ்வளவு தரும் என்று சொல்லுங்கள். நாட்டில் விசிறி தயாரிக்கும் பெரிய கம்பெனிகளை விரல் விட்டு எண்ணலாம். கோடிக்கணக்கான வீடுகளைத் துரத்துவதைவிட அவர்களைப் பிடிப்பது எளிது. பணம் மின்நிலையம் கட்டும் செலவிலிருந்து மிச்சமாகிறது. ஒரு கோடி விசிறியில் தலைக்கு 45 வாட் குறைந்தால் 450 மெகாவாட். அதில் பாதி ஒரே நேரத்தில் ஓடும் என்றாலும் 225 மெகாவாட்டுக்குத் தனியே நிலையம் கட்ட வேண்டாம், நிலக்கரி வேண்டாம், சாம்பல் கொட்ட இடம் வேண்டாம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் இந்த யோசனையை எடுத்துக்கொண்டது, தேசியத் திட்டத்தில் பெயரும் வந்தது.

நடந்ததா? சொன்ன அளவில் நடக்கவில்லை. கோப்பில் வருடங்கள் ஓடின. அதற்குள் மும்பையிலிருந்து ஆட்டம்பெர்க் போன்ற புதிய கம்பெனிகள் பி.எல்.டி.சி. விசிறியைச் சந்தைக்குக் கொண்டுவந்து, பழைய கம்பெனிகளையும் அந்தப் பக்கம் இழுத்துவிட்டன. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயமானது. இதில் பிரயாஸின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் என்னால் சதவீதம் போட்டுச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் ஏ.சி.யையும் ஃபிரிட்ஜையும் மட்டுமே சிக்கனப் பட்டியலில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஏழை வீட்டிலும் இருக்கிற விசிறியைப் பாருங்கள் என்று விடாமல் எழுதியவர்கள் இவர்கள்.

இதில் நம் ஊருக்கு ஒரு கொக்கி இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள்ளேயே அடங்குகிற வீட்டுக்கு விசிறி மாற்றினால் பில்லில் ஒரு பைசா குறையாது. லாபம் முழுக்க மின்வாரியத்துக்கும் மானியம் தரும் அரசுக்கும்தான். ஸ்லாப் ஏறி ஏறிப் போகும் நடுத்தர வீட்டுக்கு நல்ல லாபம். ஆகவே நம் மாநிலத்தில் "மக்களே, சிக்கன விசிறி வாங்குங்கள்" என்று விளம்பரம் செய்வது அந்த எளிய வீடுகளில் எடுபடாது. மிச்சம் யாருக்குப் போகிறதோ அவர்தான் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டும். பிரயாஸ் சொன்ன முறையின் நியாயம் இங்கே இன்னும் பளிச்சென்று தெரிகிறது. எல்.இ.டி. பல்பில் இதற்குப் பக்கத்தில் ஒன்று நடந்தது: மத்திய அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதில், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே சொச்சம் வருடத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கு மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன. விசிறியிலும் இந்த அதிசயம் நடக்கும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே இருக்கிறார்கள்.

இனி நேரடியாகச் சூரிய மின்சாரம். இங்கேயும் பம்புசெட்தான். நாட்டின் மொத்த மின்நுகர்வில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் விவசாயத்தின் பெயரில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் விவசாயிக்கு ஒரு வாரம் பகலில் கரண்ட், மறு வாரம் ராத்திரியில். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து மோட்டாரைப் போட வேண்டும். பாம்பு உண்டு, சில ஊர்களில் சிறுத்தையும் உண்டு. அரசாங்கங்கள் இதற்குக் கொண்டுவந்த பதில், ஆளுக்கொரு சோலார் பம்பு. திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும். பிரயாஸ் அதில் இருக்கும் இடைஞ்சலைச் சொன்னது. பயிர் இல்லாத நாட்களில் அந்தப் பலகை வெயிலில் சும்மா காயும். விலை அதிகம், மானியமும் அதிகம், அதனால் எத்தனை பேருக்குத் தர முடியும்?

மாற்று என்னவென்றால், விவசாய இணைப்புகளுக்கென்று தனியாகப் பிரிக்கப்பட்ட 11 கே.வி. ஃபீடர்கள், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதைகள், மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே நிறைய இருந்தன. துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றிரண்டு மெகாவாட்டில் ஒரு சோலார் நிலையம் போட்டு, அந்த ஃபீடருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஃபீடரில் 5 ஹெச்.பி. மோட்டார் 400 இருக்கிறது என்றால் மொத்தம் 1,500 கிலோவாட் சுமை. மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும், அவ்வளவுதான். விவசாயி தன் மோட்டாரை மாற்ற வேண்டாம், கையிலிருந்து ஒரு ரூபாய் போட வேண்டாம். பகலில் எட்டு மணி நேரம் கரண்ட் கிடைக்கும். பயிர் இல்லாத நாளில் அதே மின்சாரம் வலையமைப்புக்குப் போய் ஊரில் யாருக்காவது பயன்படும். விலை யூனிட் சுமார் 3 ரூபாய், 25 வருடத்துக்கு மாறாது. தூரத்து அனல்மின் நிலையத்திலிருந்து கம்பியில் இழப்போடு கொண்டுவந்து வயலில் சேர்க்க இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், வருடா வருடம் ஏறவும் செய்யும். ஆக மானியச் சுமை குறைகிறது, கரியும் குறைகிறது, விவசாயிக்கு ராத்திரித் தூக்கமும் கிடைக்கிறது.

மகாராஷ்டிர அரசு இதை 2017இல் முதல்வர் பெயரிலான திட்டமாக அறிவித்தது. அண்ணா ஹசாரேயின் ஊரான ராளேகண் சித்தி முதலில் எடுத்த இடங்களில் ஒன்று. 2020 டிசம்பரில் மத்திய அரசு விவசாயத்துக்கான தன் சோலார் திட்டமான பி.எம். குசுமிலும் ஃபீடர் அளவில் சோலார் போடுவதைச் சேர்த்தது. 2023இல் மகாராஷ்டிரம் இரண்டாவது சுற்றாக 7,000 மெகாவாட் இலக்கு வைத்தது. பிறகு அதை இன்னும் கூட்டியது. இலக்கு வேறு, நட்டுவைத்த பலகை வேறு என்பது நமக்குத் தெரியும். நிலம் கிடைப்பதில் தகராறு, ஒப்பந்ததாரர் பின்வாங்குதல் எல்லாம் அங்கேயும் உண்டு. நிலத்தடி நீர் என்கிற பெரிய கேள்விக்கும் இது பதில் இல்லை; பகலில் தாராளமாகக் கரண்ட் கிடைத்தால் கிணறு இன்னும் வேகமாக வற்றக்கூடும். என் கருத்தில் இந்தத் திட்டத்தின் பலவீனமான இடம் அதுதான். மீட்டரும் இல்லாமல் விலையும் இல்லாமல் சுத்தமான மின்சாரத்தைக் கொட்டினால், கரிக்குப் பதிலாகத் தண்ணீரைச் செலவழிக்கிறோம்.

இன்னும் இரண்டு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2011 ஆகஸ்டில் ஓர் அறிக்கை போட்டார்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்றதும், பெற வரிசையில் நிற்பதுமான அனல்மின் திட்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 7 லட்சம் மெகாவாட் வந்தது. அப்போது நாட்டின் மொத்த மின்உற்பத்தித் திறனே 2 லட்சத்தைத் தொடவில்லை. இத்தனையும் வராது, வரவும் கூடாது, வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று எழுதினார்கள். அனுமதிகள் நிற்கவில்லை. 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் எரிசக்தி நிலைக்குழு, 34 அனல்மின் திட்டங்கள், சுமார் 40,000 மெகாவாட், கடனில் சிக்கித் தவிப்பதாகப் பட்டியல் போட்டது. அதில் முடங்கிய பணம் பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளுடையது.

இன்னொன்று, வோல்டேஜ் கண்காணிப்பு. வாரியங்கள் "22 மணி நேரம் தருகிறோம், 24 மணி நேரம் தருகிறோம்" என்று சொல்லும். உண்மையில் எவ்வளவு வருகிறது? ஒரு சிறிய கருவியை வீட்டுப் பிளக் பாயின்ட்டில் சொருகிவிட்டால், நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜைக் குறித்து செல்போன் சிக்னல் வழியாக அனுப்பிவிடும். 2007இல் சிறிய அளவில் தொடங்கி, பின்னர் பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான வீடுகள், கடைகள் என்று பரப்பினார்கள். பதிவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். கரண்ட் இருக்கிறது என்று ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும்; கருவியில் பார்த்தால் 150 வோல்ட்டில் டியூப்லைட் துடித்துக்கொண்டிருக்கும். நுகர்வோர் தரப்பில் புகார் சொல்கிறவருக்கு இது கையில் கிடைத்த தராசு. ஸ்மார்ட் மீட்டர் வந்துகொண்டிருக்கிற இந்தக் காலத்தில் இதையே வாரியங்கள் தாங்களே செய்யலாம், செய்து வெளியிடலாம். வெளியிடுவார்களா என்பதுதான் கேள்வி.

குறைகளும் சொல்ல வேண்டும். பிரயாஸ் நிபுணர்களின் அமைப்பு. ஊர் ஊராகக் கிளை வைத்து மக்களைத் திரட்டுகிற அமைப்பு அல்ல. அறிக்கைகள் ஆங்கிலத்தில், அட்டவணைகளோடு வரும். வயலில் இருப்பவர் படிக்கப்போவதில்லை. ஆணையம் காது கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அறிக்கை அலமாரியில். ஒழுங்குமுறை ஆணையங்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளை உட்கார வைத்து, அரசு சொல்கிற இடத்தில் கையெழுத்து வாங்குகிற வழக்கம் பல மாநிலங்களில் வலுத்துவிட்டது. அப்போது எவ்வளவு நல்ல கணக்கும் பயனற்றுப் போகிறது. மகாராஷ்டிரத்திலேயே விவசாய நுகர்வை ஊதிக் காட்டுகிற பழக்கம் 2000த்தோடு ஒழிந்துவிடவில்லை, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் "ஒரு மெகாவாட்கூட உற்பத்தி செய்யாதவர்கள்" என்ற உங்கள் அளவுகோலில் இவர்களை நிறுத்த முடியாது. தேவையில்லாத மெகாவாட் கட்டப்படாமல் இருப்பதற்கும், கட்டியது வீணாகாமல் இருப்பதற்கும் அளவு இருக்கிறது. அதை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், அந்த வேலைக்கு மின்வாரியத்திலோ கம்பெனியிலோ சம்பளம் தர யாருக்கும் அவசியம் இல்லை. விற்கிறவர் தன் விற்பனையைக் குறைக்க ஆள் வைப்பாரா?

தமிழ்நாட்டில் இப்படி யார் என்று அடுத்துக் கேட்பீர்கள். சென்னையில் 1985இல் தொடங்கிய சி.ஏ.ஜி. என்கிற நுகர்வோர் அமைப்பு (அரசின் தணிக்கைத் துறை அல்ல) மின்சாரம் பற்றித் தொடர்ந்து வேலை செய்கிறது. கட்டண விசாரணைகளில் மனுக் கொடுக்கிறது. அமைப்பு இல்லாமல் தனியாளாகவும் செய்யலாம். மின்சாரச் சட்டம் 2003இன் 64ஆம் பிரிவுப்படி கட்டண மனு போட்டால் அதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே ஆணையம் முடிவு செய்ய வேண்டும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் இப்படிக் கூட்டம் நடத்தியது. போய்ப் பேச வழக்கறிஞர் தேவையில்லை. எழுதிக் கொடுத்தாலும் போதும், தமிழில் கொடுக்கலாம்.

அடுத்த முறை மனு வரும்போது ஆணையத்தின் இணையதளத்தில் அது முழுதாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் படிக்க வேண்டாம். இரண்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வகைவாரியாக விற்ற யூனிட், இழப்புச் சதவீதம். நம் மாநிலத்தில் இலவச விவசாய இணைப்பு 20 லட்சத்துக்கு மேல், பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. விவசாயம் என்ற வரியில் இருக்கும் யூனிட்டை இணைப்புகளின் மொத்த ஹெச்.பி.யால் வகுத்து, ஒரு ஹெச்.பி.க்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடியதாக ஆகிறது என்று பாருங்கள். ஒரு ஹெச்.பி. என்றால் 0.746 கிலோவாட்; ஆகவே வகுத்து வந்ததை மறுபடி 0.746ஆல் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். பிறகு உங்கள் பக்கத்து விவசாயியிடம் அவர் மோட்டார் வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த ஒரு கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி ஆணையச் செயலாளர் முகவரிக்கு அனுப்புங்கள்.